குசினிக்குள் வராத வைஃபை

மார்கழியில் யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் மாலை 7 மணி என்றால் ரொறன்ரோவில் காலை 8.30. வேலைக்குப் புறப்படுமுன் மகள் அம்மாவோடு கதைக்கிற நேரம். "அம்மா, படம் நிக்குது. கொஞ்சம் முன்னுக்கு வாங்கோ" என்கிறார் மகள். அம்மா அகப்பையை வைத்துவிட்டு, போனைத் தூக்கிக்கொண்டு குசினியிலிருந்து நடைக்கு வருகிறார்; நடையிலிருந்து விறாந்தைக்கு. "இப்ப தெரியுதோ பிள்ளை?" விறாந்தையில் முகம் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் மகள் பார்க்க ஆசைப்பட்டது விறாந்தையை அல்ல, அடுப்பில் கொதிக்கும் ஒடியற்கூழை.

புது ரவுட்டர் வந்து இரண்டு கிழமைதான். பூட்டிய அன்று எல்லாம் நன்றாக ஓடியது. இப்போது வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். லைன் சரியில்லை என்கிறார் ஐயா. ரவுட்டர் மலிவான சாமான் என்கிறார் பக்கத்து வீட்டுத் தம்பி. மழை முகில் என்கிறார் பெரியம்மா. மூன்றுமே உண்மையாக இருக்கலாம், மூன்றுமே பிழையாகவும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அதற்குப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை.

கோப்பாயில் பெரும்பாலான வளவுகளில் கிணறு உண்டு, மோட்டார் உண்டு, மேலே ஒரு தண்ணீர்த் தாங்கி உண்டு. குளியலறைக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் யாரும் உடனே கிணறு வற்றிவிட்டது என்று முடிவுகட்டுவதில்லை. முதலில் குசினிக் குழாயைத் திறந்து பார்ப்பார்கள். அங்கே வந்தால் தாங்கியில் தண்ணீர் இருக்கிறது, இந்தக் குழாயில்தான் அடைப்பு. அங்கேயும் வராவிட்டால் தாங்கியை, பிறகு மோட்டாரை, கடைசியில் கிணற்றை. இணையமும் இப்படித் துண்டு துண்டாக வருகிற ஒன்றுதான். உலகத்து இணையம் கிணறு. வீதியால் வரும் இணைப்பு மோட்டார்க் குழாய். ரவுட்டர் தாங்கி. அங்கிருந்து போனுக்கு வரும் வைஃபை, வீட்டுக்குள் ஓடும் குழாய். வைஃபை வேறு, இணையம் வேறு. இந்த ஒன்று விளங்கினால் பாதிப் பிரச்சினை வீட்டிலேயே தீர்ந்துவிடும்.

சோதனை எளியது. போனோடு ரவுட்டருக்கு ஆறடி தூரத்தில் போய் நில்லுங்கள். அங்கே எல்லாம் வேகமாக ஓடி, குசினியில் மட்டும் ஓடவில்லை என்றால் வீதி லைனைக் குறை சொல்லிப் பயனில்லை. வைஃபைதான் அவ்வளவு தூரம் போகவில்லை. ரவுட்டருக்குப் பக்கத்திலும் ஓடவில்லை, ஆனால் போனில் வைஃபைச் சின்னம் முழுதாகத் தெரிகிறது என்றால் தாங்கியிலிருந்து வரும் குழாய் சரி, தாங்கிக்குத் தண்ணீர் வரவில்லை. மடிகணினி இருந்தால் ஒரு கேபிளால் அதை ரவுட்டரில் நேரே கொழுவிப் பார்க்கலாம். கேபிளில் ஓடி வைஃபையில் ஓடாவிட்டால் விடை இன்னும் உறுதியாகிவிடும்.

முதலில் சுவர்களைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்து வீடுகளில் இதுதான் பெரிய விஷயம். குடாநாடு சுண்ணாம்புக்கல் தரை. பழைய வீடுகள் அந்தக் கல்லாலேயே, சுண்ணாம்புச் சாந்து பூசி, கனத்த சுவர்களோடு கட்டப்பட்டவை. வெயிலுக்கு அதைவிட நல்ல சுவர் இல்லை. ஆனால் வைஃபை என்பது வானொலி அலை. அந்தச் சுவரில் அது பெருமளவு உறிஞ்சப்பட்டுவிடும். விறாந்தையிலிருந்து குசினிக்கு இப்படி இரண்டு மூன்று சுவரைத் தாண்ட வேண்டும். பிறகு கட்டிய பகுதிகளில் கொங்கிறீற் தட்டும் அதற்குள் இரும்புக் கம்பியும். ரவுட்டருக்கும் போனுக்கும் நடுவில் ஓர் இரும்பு அலுமாரியோ, பெரிய நிலைக்கண்ணாடியோ, ஃபிறிட்ஜோ நின்றால் அதற்குப் பின்னால் நிழல் விழுந்ததுபோல் சிக்னல் குறையும். கண்ணாடியின் முதுகில் பூசிய உலோகப் பூச்சு அலையைத் திருப்பி அனுப்பிவிடும் என்பது பலருக்கும் தெரியாத செய்தி.

அப்படியிருக்க, புது ரவுட்டரை எங்கே வைக்கிறார்கள்? லைன் உள்ளே வந்த இடத்தில். அது பெரும்பாலும் வீட்டின் ஒரு மூலை: முன் ஹோலில் ரி.வி.க்குப் பின்னால், அல்லது ஷோகேசுக்குள் பரிசுக் கிண்ணங்களுக்கு நடுவில். பூட்ட வந்தவருக்கு அது இலகு, வீட்டாருக்கும் பார்க்க அழகு. ஆனால் அலை எல்லாத் திசையிலும் பரவுவது. மூலையில் வைத்தால் பாதி முற்றத்துக்கும் ஒழுங்கைக்கும் போய்விடும். வீட்டின் நடுப்பகுதியில், ஆளுயரத்துக்குச் சற்று மேலே, திறந்த இடத்தில் வைப்பதுதான் முறை. பத்து மீற்றர் கேபிள் ஒன்று வாங்கி நடை வாசலுக்கு மேலே ரவுட்டரை மாற்றினாலே பல வீடுகளில் வேலை முடிந்துவிடும். புது ரவுட்டர் வாங்கக் காசைச் செலவழிக்குமுன் இதைச் செய்துபார்க்க வேண்டும்.

இன்றைய ரவுட்டர்கள் பலவும் இரண்டு அலைவரிசையில் பேசும்: 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ். முதலாவதின் அலைநீளம் ஏறக்குறைய 12 சென்ரிமீற்றர், இரண்டாவதினது 6 சென்ரிமீற்றர். 5 வேகமானது, ஆனால் சுவரில் களைத்துவிடும். 2.4 மெதுவானது, ஆனால் கூடுதல் தூரம் போகும். போனில் ஒரே பெயர் இரண்டு முறை, ஒன்றின் வாலில் 5ஜி என்று சேர்ந்து காட்டினால் அது இந்த 5 கிகாஹேர்ட்ஸ்தான். தொலைபேசிக் கோபுரத்து 5ஜியோடு அதற்கு எந்தச் சொந்தமும் இல்லை. ரி.வி. இருக்கும் ஹோலில் 5 ஐயும், குசினியிலும் பின் அறையிலும் 2.4 ஐயும் தெரிவுசெய்வது நல்லது.

அந்த 2.4 ஒரு பொதுச் சந்தை மாதிரி. அமெரிக்கத் தொடர்பாடல் ஆணையம் 1985 இல் இந்த வரிசையை உரிமம் இல்லாமல் கருவிகள் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. 1997 இல் வைஃபைக்கு அடிப்படையான முதல் தரநியமம் அதன்மேல் வந்தது. மைக்ரோவேவ் அடுப்பு அதே வரிசையில்தான் சோற்றைச் சூடாக்குகிறது, புளூரூத்தும் அங்கேதான். கொழும்புத் தொடர்மாடியில் இருபது வீட்டு வைஃபை ஒன்றோடொன்று மோதும். வளவும் வேலியுமாக இருக்கும் கோப்பாயில் அந்த நெரிசல் குறைவு, இது நமக்கு வாய்த்த வசதி. சந்தியை ஒட்டிய கடைத்தெருவில் மட்டும் சனலை மாற்றிப் பார்க்க வேண்டி வரலாம்; 2.4 இல் 1, 6, 11 ஆகிய மூன்றும்தான் ஒன்றில் ஒன்று ஏறாதவை.

இனித் தாங்கிக்குத் தண்ணீர் வராத கதை. இங்கே ரவுட்டரின் முகத்திலுள்ள சின்ன வெளிச்சங்கள்தான் பேசும். அவற்றை யாரும் பார்ப்பதில்லை என்பது பெரும் குறை.

ஃபைபர் இணைப்பு என்றால் பொன் (PON) என்று ஒரு வெளிச்சமும் லொஸ் (LOS) என்று ஒரு வெளிச்சமும் இருக்கும். பொன் பச்சையாக அசையாமல் நின்றால் தெருவிலிருந்து ஒளி ஒழுங்காக வருகிறது என்று பொருள். லொஸ் சிவப்பாக மின்னினால் ஒளி வந்து சேரவில்லை. ரவுட்டரை எத்தனை தரம் நிறுத்திப் போட்டாலும் பயன் இல்லை. தெருக் கம்பத்திலிருந்து வீடு வரை வரும் அந்தக் கறுப்பு வயருக்குள் இருப்பது கண்ணாடி இழை. அதன் கனம் 125 மைக்ரோன், தலைமயிரைவிடச் சற்றே தடித்தது. ஒளி ஓடும் நடுப்பகுதி வெறும் 9 மைக்ரோன். வெள்ளையடிக்கும்போது யாரோ அதைச் சுவர் மூலையில் நறுக்கென்று மடக்கி ஆணி அடித்திருப்பார்கள். கதவிடுக்கில் நசிந்திருக்கும். எலியோ அணிலோ கடித்திருக்கும். மிஞ்சிய இழையை ரின்பால் பேணியின் வட்டத்தைவிட இறுக்கமாகச் சுருட்டக் கூடாது என்று வைத்துக்கொண்டால் போதும். அதைவிட இறுகினால் ஒளி வளைவில் ஒழுகிவிடும். கழன்ற முனையைக் கண்ணருகே பிடித்துப் பார்க்கும் பழக்கம் ஒன்று உண்டு, அது கூடவே கூடாது. உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி.

பழைய செப்புக் கம்பி இணைப்பில் குறை வேறு விதமானது. மழைக்குப் பிறகு இணையம் விழுகிறது, தொலைபேசியில் கரகரப்புக் கேட்கிறது என்றால் எங்கோ ஒரு மூட்டில் ஈரம் இறங்கியிருக்கிறது. தொலைபேசியில் கதைக்கும்போது மட்டும் இணையம் நின்றால், இரண்டையும் பிரிக்கும் அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டி, ஸ்பிளிற்றர், தலைகீழாகக் கொழுவப்பட்டிருக்கலாம் அல்லது பழுதாகியிருக்கலாம்.

சிம் போடும் 4ஜி ரவுட்டருக்கு மேலே சொன்ன விதி பாதி தலைகீழ். அதற்கு வீட்டின் நடுப்பகுதி நல்ல இடம் அல்ல; கோபுரத்தைப் பார்த்த யன்னல்தான் இடம். அந்தக் கனத்த சுவரைக் கோபுரத்தின் அலையும் தாண்ட வேண்டுமே. யன்னல் யன்னலாக ரவுட்டரைக் கொண்டுபோய் வைத்து, ஒவ்வோர் இடத்திலும் மூன்று நிமிடம் விட்டு, வேகத்தை அளந்து ஒரு கடதாசியில் எழுதிப் பார்க்கலாம். இரண்டடி தள்ளி வைத்ததில் வேகம் இரட்டிப்பானதைப் பலர் கண்டிருக்கிறார்கள். 2025 இல் இலங்கைக்கு வந்த ஸ்ரார்லிங்க் செய்மதி இணையத் தட்டைக் கூரையில் பூட்டினாலும் கூரைக்குக் கீழே இதே சுவர்கள்தான், இதே வைஃபைதான்.

"பின்னேரத்தில மட்டும்தான் விழுது" என்பது பலரும் சொல்லும் முறைப்பாடு. இந்த வாக்கியத்தில் ஒரு தடயம் இருக்கிறது. அதற்கு வேல்ஸ் நாட்டு அபர்ஹோசன் என்ற சிற்றூரின் கதையைச் சொல்ல வேண்டும். அங்கே 18 மாதங்களாக ஒவ்வொரு நாளும் காலை 7 மணிக்கு ஊர் முழுவதற்கும் இணையம் விழுந்தது. கேபிள்களை மாற்றினார்கள். பிறகும் விழுந்தது. கடைசியில் பொறியியலாளர்கள் அலைகளை அளக்கும் கருவியோடு கொட்டும் மழையில் விடியற்காலை 6 மணிக்கே போய், தெருத் தெருவாக நடந்து காத்திருந்தார்கள். 7 மணிக்கு ஒரு வீட்டிலிருந்து பெரும் மின்னிரைச்சல் கிளம்பியது. அந்த வீட்டார் காலையில் போடும் பழைய ரி.வி. பெட்டிதான் காரணம். விஷயம் தெரிந்ததும் அவர்கள் வருந்தி, அதை இனிப் போடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். 2020 செப்ரெம்பரில் இது உலகச் செய்தியாயிற்று. பதினெட்டு மாதத்துப் புதிரைத் திறந்த சாவி "காலை 7 மணி" என்ற அந்த நேரம்தான்.

ஆகவே எழுதி வையுங்கள். ஒரு பழைய கொப்பியில் மூன்று நாளுக்கு: எத்தனை மணிக்கு விழுந்தது, எந்த வெளிச்சம் அணைந்தது, அப்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது. தோட்டத்துக்கு இறைக்கத் தண்ணீர் மோட்டார் போடும் போதெல்லாம் மின்குமிழ் மங்கி ரவுட்டர் அணைந்து எழும்புகிறதா? அப்படியென்றால் பார்க்க வேண்டியவர் மின்வேலை செய்பவர். பின்னேரம் 7 முதல் 10 வரை மட்டும் மெதுவாகிறதா? ஊர் முழுக்க அந்நேரம் படம் பார்க்கிறது. லைன் பகிர்வில் நெரிசல். மாதத்தின் கடைசிக் கிழமையில் மட்டும் மெதுவாகிறதா? பக்கேஜில் தந்த ஜி.பி. முடிந்திருக்கும். இலங்கையில் பல பக்கேஜ்கள் அளந்து தருபவை. அளவு முடிந்ததும் வேகம் விழும். ரவுட்டர் கெட்டுவிட்டது என்று கொண்டுபோகப்பட்டவற்றில் எத்தனைக்கு உண்மையில் டேற்றாதான் முடிந்திருந்ததோ. மீதியைப் பார்த்துவிட்டே மற்ற வேலையைத் தொடங்க வேண்டும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. 50 எம்.பி.பி.எஸ். என்று விளம்பரத்தில் இருப்பது செக்கனுக்கு 50 மெகாபிற். படமோ பாட்டோ இறங்கும்போது கணினி காட்டுவது பெரும்பாலும் மெகாபைற். எட்டுப் பிற் சேர்ந்தது ஒரு பைற். ஆகவே 50 என்று வாங்கியதில் 6 சொச்சம் காட்டினால் யாரும் ஏமாற்றவில்லை, கணக்குச் சரி. அதோடு வீடியோவில் கதைக்க இறங்கும் வேகம் மட்டும் போதாது. நம் முகத்தை அனுப்ப ஏறும் வேகமும் வேண்டும், அது பல இணைப்புகளில் மிகவும் குறைவு. மகனின் போன் அந்நேரம் கோயில் திருவிழாப் படங்கள் முந்நூறையும் கூகிளுக்கு ஏற்றிக்கொண்டிருந்தால் அம்மாவின் முகம் நிற்பது இயல்பு.

மின்சாரத்தைப் பற்றிக் குடாநாட்டாருக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்ட பின், ஆண்டுக்கணக்கில் மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமல் வாழ்ந்த ஊர் இது. ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். எது எங்கே ஓடுகிறது, எங்கே தடைப்படுகிறது என்று கையால் தொட்டு அறிந்த அந்தத் தலைமுறைக்கு இந்தப் பெட்டி பெரிய மந்திரமல்ல. அதைப் பெட்டி என்று மட்டும் அவர்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறோம், உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லவில்லை. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுக்க ஒரு நாளில் 13 மணிநேரம் மின்வெட்டு வந்தபோது பல வீடுகளுக்கு மினி யு.பி.எஸ். அறிமுகமானது. கைக்குள் அடங்கும் அந்தப் பற்றரிப் பெட்டி ரவுட்டரைச் சில மணிநேரம் உயிரோடு வைத்திருக்கும். வாங்குமுன் ரவுட்டரின் அடியிலும் அடப்ரரிலும் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். 12 வோல்ற் கேட்கும் ரவுட்டருக்கு 9 வோல்ற் கொடுத்தால் எழும்பும், விழும், சூடாகும். பிளக் பொருந்துகிறது என்பதற்காக எல்லா அடப்ரரும் ஒன்றல்ல. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி முழங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். செப்பு லைன் என்றால் அந்த வயரையும் சேர்த்து. கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது, ஆனால் மின்சார வயர் கடத்தும்.

பெட்டியின் பின்னால் ஊசி நுழையும் அளவில் ஒரு துளை இருக்கும். தயவுசெய்து அதை முதலில் தொடாதீர்கள். நிறுத்திப் போடுவது வேறு, றீசெற் வேறு. பிளக்கைக் கழற்றி ஒரு நிமிடம் கழித்துக் கொழுவினால் ரவுட்டர் தூங்கி எழும்பியதுபோல் புதிதாகத் தொடங்கும்; எதுவும் அழியாது. அந்தத் துளைக்குள் ஊசியால் பத்து செக்கன் அழுத்தினால் வைஃபைப் பெயர், கடவுச்சொல் மட்டுமல்ல, நிறுவனம் பதிந்து தந்த பயனர் பெயரும் அமைப்புகளும் அழிந்துவிடலாம். அதன்பிறகு மீண்டும் ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். சின்னக் குறையைப் பெருங்குறையாக்குவது பெரும்பாலும் அந்த ஊசிதான்.

ஆனால் ஒரு மாற்றத்தைப் பூட்டிய அன்றே செய்ய வேண்டும். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் நிர்வாகக் கடவுச்சொல் சில பெட்டிகளில் admin என்பதுபோல் உலகத்துக்கே தெரிந்த ஒன்று. 2016 இல் மிராய் என்ற தீநிரல் இப்படி மாற்றாமல் விட்ட கடவுச்சொற்களைக் கொண்டே உலகெங்கும் கமராக்களையும் ரவுட்டர்களையும் வளைத்துப் பிடித்தது. அந்த நவம்பரில் ஜேர்மனியில் அதன் வழிவந்த தாக்குதலால் சுமார் 9 இலட்சம் ரவுட்டர்கள் தடுமாறின. போனின் உலாவியில் 192.168.1.1 அல்லது ரவுட்டரின் அடியில் எழுதிய இலக்கத்தை அடித்தால் அமைப்புப் பக்கம் திறக்கும். புதுக் கடவுச்சொல்லை ஒரு கடதாசியில் எழுதி அலுமாரிக்குள் வைப்பதில் வெட்கம் இல்லை.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஒரு துண்டு மிஞ்சும்: கோப்பாய்க்கு அப்பால். இங்கிருந்து புறப்படும் குரல் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தெற்கே போய், கொழும்பிலோ மாத்தறையிலோ கரையேறும் கடலடிக் கேபிள்களில் இறங்கித்தான் வெளிநாடு போகிறது. கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். ரொறன்ரோ குறைந்தது 13,000 கிலோமீற்றர். போய்வரச் செக்கனில் எட்டில் ஒரு பங்காவது எடுக்கும், நடைமுறையில் இன்னும் கூட. "ஹலோ" சொன்னபின் வரும் அந்தச் சின்ன மௌனத்தை எந்த ரவுட்டராலும் போக்க முடியாது. வட்ஸ்அப் மட்டும் ஓடாமல் மற்றதெல்லாம் ஓடினால் குறை உங்கள் வீட்டில் இல்லை என்று கொஞ்ச நேரம் பொறுக்கலாம்.

முறைப்பாடு கொடுக்கத்தான் வேண்டும் என்றால் அந்தக் கொப்பி கைகொடுக்கும். "நெற் வேலை செய்யுதில்லை" என்றால் மறுமுனையில் இருப்பவர் நிறுத்திப் போடச் சொல்வார். "ரவுட்டருக்குப் பக்கத்தில் கேபிளிலும் ஓடவில்லை, நேற்றுப் பின்னேரம் 4.10 இலிருந்து லொஸ் சிவப்பு" என்றால் ஆளை அனுப்புவார். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கி அதே கொப்பியில் எழுதிவிடுங்கள். நிறுவனம் கவனிக்காவிட்டால் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் போகும்போதும் அந்த இலக்கம் உதவும்.

தொடக்கத்தில் பார்த்த வீட்டில் ஷோகேசிலிருந்த ரவுட்டர் இப்போது நடை வாசலுக்கு மேலே, ஒரு சின்னப் பலகையில் இருக்கிறது. குசினி 2.4 இல். மகள் கூழைப் பார்த்துவிட்டார், நண்டுக்கால் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதையும். பிறகு கிணற்றடி முருங்கை காய்த்திருக்கிறதா என்று கேட்டார். அம்மா போனோடு பின்கதவால் இறங்கினார். கிணற்றுக் கட்டு வரை படம் தெளிவாக ஓடியது. முருங்கைக்கு இன்னும் நாலு பாகம் இருந்தது. "அவ்வளவுதான் பிள்ளை, இதுக்கு மேல வராது" என்று அம்மா அங்கேயே நின்று, போனை மேலே தூக்கிப் பிடித்தார்.